பாதி வெந்த சுவரொட்டி

ஆட்டின் மண்ணீரலுக்கு எங்கள் பக்கத்தில் சுவரொட்டி என்று பெயர். பேச்சில் செவரொட்டி. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், கருஞ்சிவப்பாக இருக்கும், பிடித்தால் நழுவும். தென்காசியில் நான் கறிக்கடை வைத்திருந்த காலத்தில் அதைத் தராசில் போட்டு விற்றதில்லை. மாசமாக இருக்கும் பெண் உள்ள வீட்டிலிருந்து யாராவது முந்தின நாளே வந்து, "அண்ணாச்சி, நாளைக்குச் செவரொட்டி நமக்கு" என்று சொல்லிவிட்டுப் போனால், மறுநாள் எவ்வளவு பெரிய மனிதர் வந்து கேட்டாலும் கிடையாது. தேக்கிலையில் தனியாகப் பொதிந்து, நாரால் கட்டி, கடையின் பின்பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பேன். அந்தப் பொதியைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். யாரோ ஒருத்தியின் வயிற்றுக்காகத் தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ரத்தம் ஊறும் என்பதுதான் அதன் பெருமை. கரி நெருப்பில் லேசாக வாட்டி, உப்பும் மிளகும் தடவிக் கொடுக்க வேண்டும் என்பார்கள். லேசாக என்றால் எவ்வளவு நேரம் என்று யாரும் சொன்னதில்லை. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது போதும். என்னைப் போன்ற பயந்தவன் கையில் அந்த லேசு இன்னும் லேசாகிவிட்டது. அதைத்தான் எழுத வந்தேன்.

கறி வெட்டுகிறவனுக்குப் பயந்த சுபாவம் இருக்குமா என்று கேட்கலாம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். முழுப் பரீட்சைக்கு முந்தின நாள் பயத்தில் காய்ச்சல் வந்து படுத்தேன். காய்ச்சல் விட்டது, பள்ளிக்கூடத்துப் பக்கம் மறுபடி போகவில்லை. அப்பா கையில் கத்தியைக் கொடுத்தார். கத்திக்கு நான் பயப்படவில்லை. கடையைப் பூட்டினேனா என்பதற்குப் பயப்படுவேன். பாதித் தெரு நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். எதிர்க்கடைக்காரர், "என்னவே, பூட்டுக்கு முத்தம் குடுக்க வந்தீராக்கும்?" என்பார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு எனக்கு மிஞ்சியது ஒரு தங்கை. எழுபதுகளின் நடுவில் அவளை ஆலங்குளத்தில் கட்டிக் கொடுத்தேன். தோட்டமும் உரக்கடையும் உள்ள குடும்பம். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்து அவர் அம்மா பேசுவார்கள். நான் அவர்களை அத்தை என்று கூப்பிடுவேன்.

தங்கைக்கு அஞ்சாம் மாசம் நடக்கும்போது, ஊருக்கு வந்த நர்ஸ் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லையே என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தை தென்காசி வரைக்கும் வந்து சேர்ந்தது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்துதான் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். நான் அதுவரை பொறுக்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

அத்தை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ரத்தம் இல்லைன்னா எங்க வீட்ல சோறு போடலைன்னு சொல்ல வந்தியளாக்கும்?" என்றார்கள்.

"ஐயோ, அப்படி இல்ல அத்தே. நம்ம கடையில செவரொட்டி கெடைக்கும். வாரம் ஒண்ணு குடுத்தா..."

"கூட்டிட்டுப் போங்க. நான் என்ன, பிடிச்சா வச்சிருக்கேன்? அவ மடியில ஒரு பூனை கெடக்கு பாருங்க, அதையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க. ஒங்க தங்கச்சி இல்லாம அது பால் குடிக்காதாம்."

உண்மையாகவே தங்கையின் மடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை கிடந்தது. அதை நான் கூட்டி வரவில்லை. என் வீட்டு வாசலில் கடை நாய்கள் இரண்டு படுத்திருக்கும். பூனை எதுவும் அந்தத் தெருவிலேயே எட்டிப் பார்க்காது. இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடை முடிந்ததும் பொதியோடு வீட்டுக்கு வருவேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அதனால் அடுப்பு வேலையும் என்னுடையதுதான். முதல் வாரம் கொஞ்சம் அதிகமாகவே வாட்டிவிட்டேன். சுருங்கிப் போயிற்று. கரியின் மேல் சொட்டுச் சொட்டாக ஒழுகிப் பொசுங்கியதைப் பார்த்ததும், ஐயோ, ரத்தமெல்லாம் அடுப்புக்கல்லவா போகிறது என்று மனம் பதறியது. அடுத்த வாரத்திலிருந்து மேல் தோல் கறுத்ததும் எடுத்துவிடுவேன். நறுக்கினால் உள்ளே பச்சையாக, பளபளவென்று இருக்கும்.

"இன்னும் கொஞ்சம் வாட்டுண்ணே. உள்ள ரத்தமா இருக்கு."

"ரத்தந்தான்ட்டி ஒனக்கு வேணும்."

"குமட்டுது."

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு முழுங்கு. மருந்துன்னு நெனச்சுக்கோ."

"மருந்துன்னா டாக்டர்லா குடுக்கணும்? கறிக்காரனா குடுப்பான்?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நான் எதிரில் உட்கார்ந்து கடைசித் துண்டு வரை பார்த்துக்கொண்டிருப்பேன். எழுந்து போனால் அவள் நாய்க்குப் போட்டுவிடுவாளோ என்று பயம். போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இப்படி ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தது. சாரல் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். குளிக்கக் கூடாது, தூர நின்று பார்த்தால் போதும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். தூர நின்றாலும் சேலை நனைந்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. உடம்பு வலி, அசதி, கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு இரண்டு கட்டி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். பத்து நாளில் எல்லாம் வந்த வழியே போய்விட்டது. சாரலில் நனைய விட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அந்தத் திட்டை ஐந்து வருஷம் திட்டியிருக்கிறேன். வீணாக, சம்பந்தமில்லாத அருவியின் பேரில்.

ஐப்பசியில் பெண் பிறந்தாள். எடை நன்றாக இருந்தது, அழுகை நன்றாக இருந்தது. "செவரொட்டி வேலை செஞ்சிருக்குல்லா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

சீசன் மாதங்களில் நான் கடையைக் குற்றாலத்துக்கு மாற்றிக்கொள்வேன். வெளியூர்க்காரர்கள் வாடகைக்கு வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள், அருவியில் குளித்த பசிக்குக் கறி நன்றாகப் போகும். மருமகளுக்கு ஐந்து வயதானபோது, ஒரு சீசனில், தங்கையும் அவளும் ஒரு வாரம் வந்திருந்தார்கள். பிள்ளை கடைப் பலகையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி மலையைப் பார்ப்பதும் மறு கண்ணைப் பொத்தி மலையைப் பார்ப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தாள். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இந்தக் கண்ணுல பாத்தா ஒனக்கு மூஞ்சி இல்ல."

"ஏட்டி, மூஞ்சி எங்க போச்சு?"

"காது இருக்கு. முடி இருக்கு. நடுவுல மூஞ்சி மட்டும் இல்ல."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சரியாத்தான் பாத்திருக்கா, அண்ணாச்சி மூஞ்சியில என்ன இருக்கு பாக்க?" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். தக்காளியைக் காட்டி, அதே கண்ணால் பார்க்கச் சொன்னேன். தக்காளியும் இல்லை என்றாள்.

திருநெல்வேலியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். தங்கை, பிள்ளை, அத்தை, நான். டாக்டர் மருந்து விட்டு, இருட்டறையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கண்ணின் பின்புறம், படம் விழுகிற இடத்தில், சரியாக நடுவில் ஒரு பழைய வடு இருக்கிறது என்றார். பிறப்பதற்கு முன்பே வந்த வடு. வலது கண்ணில் ஒன்றுமில்லை. இடது கண்ணின் நடுப்பார்வை இனி வராது.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன.

"மாசமா இருந்தப்போ காய்ச்சல் ஏதாவது வந்துதாம்மா?"

"ஏழாம் மாசம் வந்துச்சு டாக்டர். கழுத்துல கட்டியும் வந்துச்சு" என்றாள் தங்கை.

"வீட்ல பூனை உண்டா?"

அத்தை முந்திக்கொண்டார்கள். "உண்டு டாக்டர். இவ மடியிலதான் கெடக்கும். மனுசரத் தொடுததவிட அதத் தொடுததுதான் கூட."

டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். எழுதியபடியே, "கறி அரைவேக்காடா சாப்பிட்டதுண்டா? சும்மா வாட்டினது, அந்த மாதிரி?" என்று கேட்டார்.

கேள்வி தங்கைக்குத்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நமக்குக் கறிக்கடைதான் டாக்டர். எங்க வீட்ல எல்லாம் நல்லா வேக வச்சுத்தான்."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பூட்டை இழுத்துப் பார்க்கிற கை மாதிரி, வாய் தானாகப் போய் ஒரு கதவைச் சாத்திவிட்டது. தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். பிள்ளையின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் சந்தேகப்பட்டதுதான் என்று வந்தது. ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. பூனையின் கழிவிலிருந்தும் வரும், சரியாக வேகாத கறியிலிருந்தும் வரும். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது, வயிற்றுப் பிள்ளைக்குச் செய்யும்.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வந்தது ஏழாம் மாசத்தில். அஞ்சாம் மாசத்திலிருந்து அவள் என் வீட்டில். என் வீட்டில் பூனை இல்லை. இதற்கு ஏழாம் வகுப்புக்கு மேல் படிப்பு வேண்டியதில்லை.

ஆலங்குளத்தில் மறுநாளே பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, திருநெல்வேலிப் பக்கம் போன லாரியில் ஏற்றி, வழியில் எங்கேயாவது விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள் அத்தை. அது பழைய பூனைகூட இல்லை. அந்தச் சாம்பல் பூனை செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இது அதன் பேத்தி. யாருக்கு அதைப் பற்றி என்ன? தங்கை பூனைக்காரி ஆகிவிட்டாள். "பூனையக் கொஞ்சுனா, பிள்ளை கண்ணக் குடுத்தா" என்று அத்தை வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்கள். கெட்ட மனுஷி இல்லை. பேத்தி கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயாவது கொட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கொட்ட வேண்டிய இடம் தென்காசியில் கறி வெட்டிக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிது ஒன்று நடந்தது. இரண்டாவது பிள்ளை என்ற பேச்சே அந்த வீட்டில் நின்றுபோயிற்று. "அவ ஒடம்புல பூனைச் சீக்கு கெடக்கு. அடுத்ததுக்கு ரெண்டு கண்ணும் போனா யாரு பாக்குதது?" என்றார்கள் அத்தை. மாப்பிள்ளை வழக்கம்போல் பேசவில்லை. தங்கையே பயந்துவிட்டாள். ஒருமுறை என்னிடம், "எனக்கு இன்னொண்ணு வேணும்னு ஆசைதான்ணே. ஆனா எம்மேல எனக்கே நம்பிக்கை இல்ல" என்றாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவிக்கொண்டே இருந்தேன்.

கடையில் மட்டும் எனக்கு வாய் நீண்டது. சுவரொட்டிப் பொதியைக் கொடுக்கும்போது, நல்லா வேக வைங்க, உள்ளே சிவப்பே தெரியக் கூடாது, கரிஞ்சாலும் பரவாயில்லை என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொல்வேன். போனவரைக் கூப்பிட்டு மூன்றாவது தடவையும் சொல்வேன். "அண்ணாச்சி, கறி விக்கியளா, வைத்தியம் பாக்கியளா?" என்று கேலி செய்தார்கள். ஊருக்கெல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒரு வீட்டில் சொல்லவில்லை. ஆறு வருஷம்.

குற்றாலத்துக்குச் சீசன்தோறும் ஓர் அம்மா வருவார்கள். ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள். ஈரலை வாங்குவதற்கு முன் திருப்பிக் காட்டச் சொல்லி, உள்ளே புழு இருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பார்கள். மற்ற கடைக்காரர்கள் அவர்களைக் கண்டால் ஓடுவார்கள். எனக்கு அந்தச் சந்தேகம் பிடித்திருந்தது. என் இனம் என்று தோன்றும். தங்கையின் மகளுக்குப் பதினொரு வயது நடந்த சீசனில், மழை கனத்து ஆளில்லாத ஒரு காலை, ஈரலைப் பொதிந்துகொண்டே கேட்டுவிட்டேன்.

"அம்மா, என் சேக்காளி ஒருத்தன். அவன் தங்கச்சி மாசமா இருக்கும்போது வேகாத கறி சாப்பிட்டு, பிள்ளைக்குக் கண்ணுல வடு விழுந்துட்டாம். தாய்க்கு ஒண்ணும் இல்ல. அதென்ன கணக்கு?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பலகையில் உட்கார்ந்தார்கள்.

"ரத்தத்துல சும்மா திரியற கிருமின்னா பிடிக்கறது சுலபம். இது அப்படி இல்ல. நம்ம செல்லுக்குள்ளேயே புகுந்துக்கும். புகும்போது செல்லோட தோலையே உள்பக்கமா இழுத்துத் தனக்கு ஒரு அறை கட்டிக்கும். அந்த அறைக்குள்ள ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். வெளியில நிக்கற காவலுக்கு உள்ள நடக்கறது தெரியாது."

"அப்போ யாரும்மா அதை அடிப்பா?"

"வீட்டுக்காரன்தான் அடிக்கணும். அந்த செல்லேதான். ஆனா அது தானா முழிச்சுக்காது. ரத்தத்துல இருக்கற சில செல்கள் ஒரு புரோட்டீனை வெளியில விடும். இன்டர்ஃபெரான்னு பேரு. ஊர்ல தண்டோரா போடற மாதிரின்னு வச்சுக்கோங்க. அது வந்து கதவைத் தட்டினதும் இந்த செல் முழிச்சுக்கும். உள்ள இருக்கறதுக்கு வேண்டிய ஒரு சாப்பாட்டுச் சத்தை இல்லாம ஆக்கிடும். பட்டினி போட்டா அது வளர முடியாதில்லையா? இன்னும் என்னென்ன செய்யுதுன்னு இப்பதான் தேடிக்கிட்டிருக்காங்க."

அன்றைக்குத் தேடிக்கொண்டிருந்ததை இப்போது கண்டுபிடித்துவிட்டார்களாம். இதை எனக்குச் சொன்னது என் மருமகள். வளர்ந்து, படித்து, ஒரு கண்ணால் மற்றவர்கள் இரண்டு கண்ணால் வாசிப்பதைவிட அதிகம் வாசிக்கிறவள். தண்டோரா கேட்ட செல் வேறு சில புரதங்களைச் செய்யுமாம். அவை கூட்டமாகப் போய், கிருமி கட்டிய அறையின் சுவரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, அதைக் கிழித்துவிடுமாம். அறை உடைந்தால் கிருமி பிழைக்காது. சில சமயம் அந்த செல்லும் சேர்ந்தே செத்துப்போகுமாம். உள்ளே ஒளிந்திருப்பதை வெளியே விடாமல் இருக்க, தானே உடைந்துபோகிற செல்.

பலகையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அன்று நான் கேட்டது வேறு. "எல்லாம் செத்துருமாம்மா?"

"சாகாது. கொஞ்சம் தப்பிச்சு, ஓடு கட்டிக்கிட்டு, சதையிலயும் மூளையிலயும் கண்ணுலயும் தூங்கும். நீங்க வெட்டின ஆட்டுலயும் அப்படித் தூங்கிட்டுதான் இருந்திருக்கும். நல்லா வெந்தா செத்துடும். வேகலைன்னா சாப்பிட்டவங்க உடம்புல முழிச்சுக்கும். முதல் தடவை தாயோட உடம்பு முழுசாத் தயாராக ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள கொஞ்சம் பிள்ளைகிட்டப் போயிடும். வயித்துல இருக்கற பிள்ளைக்கு அதை அடிக்கற பலம் வந்திருக்காது."

"அப்போ அடுத்த பிள்ளைக்கும்..."

"அடுத்த பிள்ளையா? அதுக்குப் பயமே வேண்டாம். ஒருதடவை சண்டை போட்ட உடம்பு, அடுத்த தடவை உடனே முழிச்சுக்கும். பிள்ளைவரைக்கும் விடாது. அந்தப் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லலையா?"

நான் ஈரல் பொதியின் நாரை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"உங்க சேக்காளிகிட்டச் சொல்லுங்க, வேகமாப் போய்ச் சொல்லச் சொல்லி. தங்கச்சிக்கு வயசு போயிடப்போகுது" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்கள். ஈரலை மறந்துவிட்டுப் போனார்கள்.

ஆறு வருஷம் அவள் பயந்தது தேவையே இல்லாத பயம். எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே டாக்டர் சொல்லியிருப்பார். கேட்டால் பேச்சு கறிக்கு வந்துவிடும் என்றுதான் கேட்காமல் இருந்தேன். வேகாத கறியைக் கொடுத்தது அறியாமல் செய்தது. இது அறிந்து செய்தது.

கடையை அடைத்துவிட்டு ஆலங்குளம் பஸ் ஏறினேன். வழியெல்லாம், இரண்டாவது பிள்ளை விஷயத்தை மட்டும் சொன்னால் போதாதா, செவரொட்டியை எதற்கு இழுக்க வேண்டும் என்று மனம் பேரம் பேசிக்கொண்டே வந்தது. பாவூர்ச்சத்திரம் தாண்டும்போது அதுதான் சரி என்று முடிவுகூடச் செய்துவிட்டேன்.

அத்தை முற்றத்தில் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து உதவிக்கொண்டிருந்தாள். "என்ன, சீசன் நேரத்துல கடையப் போட்டுட்டு வந்திருக்கிய? அருவியில தண்ணி இல்லியா?" என்றார்கள் அத்தை.

பஸ்ஸில் செய்த முடிவு வாசற்படியில் கழன்றுவிட்டது. நின்றபடியே சொன்னேன். காய்ச்சல் வந்தபோது அவள் என் வீட்டில் இருந்ததை, அங்கே பூனை இல்லாததை, பாதி வெந்த சுவரொட்டியை, அவள் வேண்டாம் என்றபோதும் எதிரில் உட்கார்ந்து விழுங்க வைத்ததை, டாக்டரிடம் சொன்ன பொய்யை. கடைசியாக, அடுத்த பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று அந்த அம்மா சொன்னதை.

தங்கை மிளகாயிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: "எனக்குத் தெரியும்ணே. டாக்டர் கேட்டப்பவே தெரியும். தின்னது நான்லா."

"பெறவு ஏன்ட்டி சொல்லல? இத்தனை வருசமா இவங்க ஒன்னை..."

"ஒன்னக் காட்டிக் குடுத்துட்டு, பெறவு எனக்குன்னு போறதுக்கு எந்த வீடு இருக்கு?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். மிளகாய் நெடி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அத்தை காம்பைக் கிள்ளி ஒரு பக்கமும் மிளகாயை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு கையை நிறுத்திவிட்டு, "அப்போ அந்தப் பூனை?" என்றார்கள்.

தங்கை குனிந்து அடுத்த மிளகாயை எடுத்தாள்.

"சாக்குக்குள்ள இருந்து என்னையக் கூப்பிட்டுத்தான் கத்துச்சு" என்றார்கள். அதற்குப் பிறகு என்னிடம் நேராகப் பேச ஒரு வருஷம் ஆயிற்று. என் கடைக் கறியை அவர்கள் அப்புறம் தொட்டதே இல்லை. ஆனால் தங்கையைப் பூனைக்காரி என்று சொல்வது அன்றோடு நின்றது. அடுத்த மாதமே ஒரு குட்டிப் பூனை அந்த வீட்டுக்கு வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று தங்கை கேட்டதற்கு, தானாக வந்தது என்றார்கள் அத்தை.

மறு வருஷம் தங்கை மாசமானாள். ஏழாம் மாசத்தில், முறைப்படி வளைகாப்பு முடித்துத்தான், தென்காசிக்குக் கூட்டி வந்தேன். மருமகளும் வந்தாள். பன்னிரண்டு வயது, வாசிக்கும்போது தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள். அந்தச் சாய்வைப் பார்க்காமல் இருக்க நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வந்தேன். தங்கை என் கையைப் பார்த்தாள். "எனக்குச் செவரொட்டி எங்க?"

"வேண்டாம்ட்டி. மாத்திரை குடுத்திருக்காங்கல்லா, அதப் போடு."

"ஊர்ல மாசமா இருக்கவளுக்கெல்லாம் ஆணியில தொங்கவிடுத. சொந்தத் தங்கச்சிக்கு மாத்திரையாக்கும்? போயி எடுத்துட்டு வா. நல்லா வேக வச்சுக் குடு."

கடைக்குத் திரும்பி நடந்தேன். அன்றைக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை, பொதி இருந்தது. இரண்டாக நான்காக நறுக்கி, சட்டியில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். பிறகு கரி நெருப்பில் வைத்துத் திருப்பித் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு துண்டையும் கத்தியால் பிளந்து வெளிச்சத்தில் பார்த்தேன். பிளந்ததை மறுபடி பிளந்தேன். மருமகள் விசிறியோடு அடுப்பருகில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை ஒரு துண்டை எடுத்து மென்றாள். "செருப்புத் தோல் மாதிரி இருக்குண்ணே."

"மெல்லு."

"பல்லு போயிரும்."

"போனா கட்டிக்கிடலாம். மெல்லு."

சிரித்துக்கொண்டே மென்றாள். அப்போதுதான் மருமகள் விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "மாமா, நான் அம்மா வயித்துல இருக்கும்போதும் இப்படித்தான் சுட்டுக் குடுத்தியா?"

தங்கை மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். டாக்டர் அறையில் பார்த்த அதே பார்வை. நான் எது சொன்னாலும் இந்தத் தடவையும் தலையைக் குனிந்துகொள்வாள் என்று தெரிந்தது. எங்க வீட்ல எல்லாம் நல்லா வேக வச்சுத்தான் என்ற வாக்கியம் வாய்க்குள் தயாராக நின்றது. அது எப்போதும் தயாராகத்தான் நிற்கும்.

"இல்லட்டி" என்றேன். "ஒனக்குப் பாதிதான் வெந்துச்சு. அம்மா இன்னும் வாட்டச் சொன்னா. நான்தான் வாட்டல. அதுலதான் ஒன் கண்ணு போச்சு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை உயர்த்தினாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மூஞ்சி இல்லாத மாமாவைப் பார்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். கண்ணுக்குப் போகவில்லை கை. அம்மாவின் தட்டிலிருந்த துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

ஒன்றை மட்டும் என்னிடம் நீட்டினாள்.

"இது உள்ள செவப்பா இருக்கு. இன்னும் கொஞ்சம் போடு."

அது சிவப்பாக இல்லை. எங்கும் கருகிப்போய்த்தான் இருந்தது. நான் அதை வாங்கி மறுபடி நெருப்பில் வைத்தேன்.